இன்னும் ஒரு அங்குலம்

"இன்னும் ஒரு அங்குலம் குறைச்சிடுங்க," என்றார் மேனேஜர்.

தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "ஏற்கெனவே ரெண்டு அங்குலம் வெட்டியாச்சு சார். இதுக்கு மேல போனா, வர்றவர் தரையில உக்காந்த மாதிரி இருக்கும்."

"இருக்கட்டும். என்னைப் பெத்தவங்க அரை அடியை மறந்துட்டாங்க. அதை எதிர்ல உக்கார்றவர்கிட்ட இருந்துதானே வெட்டி எடுக்கணும்?"

தச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதிர் நாற்காலியின் கால்களை மறுபடியும் அறுத்தார். மேனேஜரின் நாற்காலிக்கு அடியில் காலையிலேயே பலகை மேடை போட்டாயிற்று. காலில் குதிகால் உயர்ந்த புது ஷூ வேறு.

"அப்படி யார் சார் வர்றாங்க?"

"புது மண்டல மேனேஜர். என் ப்ரமோஷன் அவர் கையிலதான் இருக்கு. பழையவர் வந்தப்ப வாசல்ல நின்னு வணக்கம் சொன்னேன். 'தம்பி, உங்க மேனேஜரைக் கூப்பிடு'ன்னார். அன்னைக்கே என் ப்ரமோஷன் போச்சு."

"இவரும் உயரமா?"

"பார்த்ததில்லை. போன்லதான் பேசினேன். குரலே ஆறடி இருக்கு."

தச்சர் மரத்தூளைப் பெருக்கி அள்ளிக்கொண்டு போனார். மேனேஜர் தன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எதிர் நாற்காலியைக் குனிந்து பார்த்தார். பெருமையாக இருந்தது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பதினோரு மணிக்குக் கதவு திறந்தது. எழுந்து ஓடிய மேனேஜர் வழக்கம்போல அண்ணாந்து பார்த்தார். யாரும் இல்லை. பார்வையை இறக்கினார். ஆறடிக் குரலுக்குச் சொந்தக்காரர் அவருடைய தோள் உயரம்கூட இல்லை.

மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க சார், உக்காருங்க," என்றார்.

மேலதிகாரி எந்த ஆபீஸுக்குப் போனாலும் எங்கே உட்காருவாரோ, இவரும் அங்கேதான் போனார். மேஜையைச் சுற்றி வந்து, பலகையில் கால் வைத்து, மேனேஜரின் நாற்காலியில் ஏறி அமர்ந்தார்.

மேனேஜர் மிச்சமிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மேஜை விளிம்பு தாடையில் இடித்தது.

மண்டல மேனேஜர் அவரை ஆசை தீரக் குனிந்து பார்த்தார்.

"போற இடமெல்லாம் அண்ணாந்து பார்த்தே எனக்குக் கழுத்து வலி. உங்களை ப்ரமோஷன்ல தலைமை ஆபீஸுக்கு அனுப்பலாம்னுதான் வந்தேன், இப்போ மனசே வரலை. நீங்க இங்கேயே, இதே நாற்காலியிலேயே இருங்க. நான் அடிக்கடி வர்றேன்."