மூன்றாவது ரிக்கின் பெயர்

“என்ன கண்ணு படிக்கற?”

“வெடிச்சுப்போன நட்சத்திரத்தோட மிச்சத்தைப் பத்திங்க.”

“வெடிச்சது வெடிச்சுப் போச்சு. மிச்சத்துல என்ன கெடக்குது?”

“நம்ம ரத்தத்துல இருக்கற இரும்பு, பல்லுல இருக்கற சுண்ணாம்புச் சத்து, எல்லாம் அப்படி வெடிச்சதுல இருந்து வந்ததுதானுங்க.”

“எங்க ரிக்குல இருக்கற இரும்பு?”

“அதுவுந்தானுங்க.”

“அடேயப்பா! இனி அடிக்கு ரேட்டு சேத்திக் கேக்கலாம் போல.”

பெண் பார்க்க வந்த அன்று செல்லியம்மாளும் ரஞ்சிதாவும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். போகும்போது, “படிப்ப மட்டும் நிறுத்திராத” என்று சொல்லிவிட்டு மாமியார் காரில் ஏறிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து, ஒரு தை மாதக் காலையில், செல்லியம்மாளின் மூன்றாவது ரிக், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி, வீட்டுக்கு முன்னால் பூசைக்கு நின்றது.

திருச்செங்கோட்டுப் பட்டறையின் பெயிண்ட் வாசம் இன்னும் போகவில்லை. டயர்களுக்கடியில் எலுமிச்சம்பழம். டிரைவர் கண்ணாடிக்கு மேலே, பெயர் எழுதும் இடத்தை மட்டும் ஒரு மஞ்சள் துணி மூடியிருந்தது.

முதல் இரண்டு வண்டிகளிலும் ‘செல்லியம்மாள்’ என்றுதான் எழுதியிருக்கும். கணவர் இறந்த பிறகு தொழிலை நிமிர்த்தி நிறுத்தியவர் அவர். மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களில் தமிழ் படிக்கத் தெரியாதவர்கள்கூட அந்த எழுத்துகளின் வடிவத்தைப் பார்த்தே, தண்ணீர் வண்டி வந்துவிட்டது என்று சொல்வார்களாம்.

இதற்கும் அதே பெயர்தான் என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள்.

ரஞ்சிதாவின் மனம் பெயரில் இல்லை.

புனே வானியல் ஆய்வு மையத்திலிருந்து அழைப்பு வந்திருந்தது. அங்கே இரண்டு ஆண்டு ஆராய்ச்சி. இன்றைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அத்தையிடம் அவள் இன்னும் கேட்கவில்லை. அந்த வீட்டில் ஆண்கள் ரிக்கோடு மாதக்கணக்கில் வெளிமாநிலம் போவார்கள். பெண்கள் வாசல்வரை வந்து வழியனுப்புவார்கள். ஒரு மருமகள் பெட்டியோடு கிளம்புவதை யாரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

“நீங்களாவது சொல்லுங்களேன்” என்று கணவன் சபரிநாதனிடம் எத்தனையோ முறை கெஞ்சிவிட்டாள்.

“நாஞ்சொன்னா சிபாரிசு ஆயிரும். எங்கம்மாளுக்குச் சிபாரிசு புடிக்காது. நீயே கேளு” என்று அவன் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான்.

புனே அவளைத் தேடி வந்ததற்குக் காரணம் ஒரு வளையம்.

ஏதோ ஒரு நட்சத்திரம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெடித்து, அதன் சிதறல் இன்னும் விரிந்துகொண்டே போகிறது. கண்ணுக்குத் தெரியாது. ரேடியோ அலைகளில் மட்டும், ஈரத் துணி காய்ந்த சுவடு மாதிரி மங்கலாக ஒரு வட்டம். எல்லாரும் வெறும் இரைச்சல் என்று தாண்டிப் போன இடத்தில், மாடி அறையில் உட்கார்ந்து, ரேடியோ தொலைநோக்கிப் பதிவுகளைக் கணினியில் அலசி அவள் அதைக் கண்டுபிடித்தாள்.

“அதுக்கு என்ன பேரு வெச்ச?” என்று அப்போது அத்தை கேட்டார்.

“பேரெல்லாம் வெக்கமாட்டாங்க அத்தை. வானத்துல அது இருக்கற இடத்தோட நம்பருதான் பேரு.”

“இதென்ன கூத்து! பேரில்லாத புள்ளையா? செரி, நம்பரையே சொல்லு. கேக்கறவங்களுக்குச் சொல்லோணுமல்ல.”

போன் நம்பரைப் போல இரண்டு முறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டு அத்தை போய்விட்டார். அதற்குப்பின் அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

பூசணிக்காய் உடைந்தது. செல்லியம்மாள் கை காட்ட, சபரிநாதன் ஏணியில் ஏறித் துணியை இழுத்தான்.

கூட்டம் கழுத்தை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தது.

“என்னக்கா இது, ஜிஎஸ்டி நம்பரையா நெத்தியில எழுதி வெச்சிருக்க?” என்றார் அத்தையின் தம்பி சந்திரசேகர். “பாதியிலயே உட்டுட்டானா பெயிண்டர்?”

ஜி 193.4 – 5.8.

ரஞ்சிதாவுக்குக் கண் கலங்கியதில் எண்கள் ஒன்றோடொன்று கலந்தன.

“எம்பட மருமவ கண்டுபுடிச்சதுடா. வானத்துல இருக்குது.” செல்லியம்மாளின் குரல் தெருமுனை வரை கேட்டது. “எம்பேரு ரெண்டு வண்டியில சுத்துனது போதும். கண்ணு, அது இப்ப எந்தப் பக்கம் இருக்குது? இவனுக்குக் காட்டு.”

ரஞ்சிதா சூரியனைப் பார்த்தாள். மனதுக்குள் கணக்குப் போட்டாள். பிறகு விரலை நீட்டித் தரையைக் காட்டினாள்.

“பூமிக்கு அந்தப் பக்கம் இருக்குதுங்க அத்தை. நம்ம காலுக்குக் கீழ. பொழுது உழுகறப்பத்தான் கெழக்க மேல வந்திருக்கும்.”

“கீழயா? அப்ப நம்ம போர் போடற பக்கந்தான்!”

“நேரா எறக்கிப் பாத்தரலாங்களா?” என்றான் டிரைவர் அறிவழகன். சிரிப்பில் சந்திரசேகர் குரல்தான் உரக்கக் கேட்டது.

வண்டி கிளம்பும் நேரம். வெளியூர் போகிறவர்கள் செல்லியம்மாள் முன்னால் வரிசையாக நின்று, போகும் ஊரைச் சொல்லித் திருநீறு பூசிக்கொள்வது அந்த வீட்டு வழக்கம்.

“ஜபல்பூருக்குங்க. சித்திரைக்கு வந்தர்றோம்” என்றான் அறிவழகன். அவனுக்குப் பின்னால் ரிக் ஆட்கள் ஒவ்வொருவராக நெற்றியைக் காட்டினார்கள்.

கடைசி ஆளும் நகர்ந்தபின் செல்லியம்மாள் தட்டைக் கீழே வைக்கக் குனிந்தார். எதிரே இன்னும் இரண்டு பாதங்கள். மெட்டி போட்டவை.

நிமிர்ந்தார்.

“நீ என்ன கண்ணு இந்த வரிசையில?”

“எனக்கும் பூசி உடுங்க அத்தை. புனேவுக்குங்க. ரெண்டு வருசம் போயிட்டு வாரேன்.”