முப்பத்தேழாம் புள்ளி

"எல்லாரும் வெளிய போங்க. ஒரு ஆளு உள்ள நிக்கக் கூடாது."

பூமிநாதன் போட்ட சத்தத்தில் மனைவி கனகாம்பாள் கையில் பிடித்த கரண்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாள். அவளுடைய தம்பி சுந்தரமூர்த்தி பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். பூமிநாதன் ஜன்னலைச் சாத்தினார். அது போதாதென்று மேலே ஒரு கைலியையும் கட்டித் தொங்கவிட்டார்.

பட்டினச்சேரியில் பட்டப்பகலில் இப்படி ஒருவர் வீட்டை அடைத்தால் யாருக்கும் சந்தேகம்தான் வரும். ஆனால் உள்ளே கள்ளச்சரக்கு எதுவும் இல்லை. மேசைமேல் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, அவ்வளவுதான்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கடல் வரைபடம். அதில் அறுபத்துமூன்று புள்ளிகள். இருபத்திரண்டு வருஷம் கடலில் அலைந்து அவர் கண்டுபிடித்த, மீன் கூடுகிற இடங்கள் அவை. எந்த இடத்தில் என்ன மீன் விழும் என்று மகள் ஜெயப்ரியா ஒவ்வொன்றின் பக்கத்திலும் டைப் அடித்து வைத்திருந்தாள். போட்டிலிருந்த ஜி.பி.எஸ். கருவி தண்ணீர் புகுந்து செத்துப்போனதால், இப்போது அவை மிச்சமிருப்பது இங்கே மட்டும்தான்.

அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடைக்காலம் இன்றோடு முடிகிறது. விடிந்தால் எல்லாப் போட்டும் கிளம்பும். முதலில் போய் வலை விட்டவனுக்குத்தான் மீன்.

இந்த நேரம் பார்த்தா அந்தச் சனியன் மக்கர் பண்ண வேண்டும்? கொஞ்சம் பெரிதாக்கினால் கடல் கட்டம் கட்டமாக உடைந்தது. புள்ளிகள் மினுக்கென்று தெரிந்து காணாமல் போயின. ஜெயப்ரியா அணைத்துப் போட்டுப் பார்த்தாள், ஒயரை மாற்றிப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. காரைக்காலில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஹமீதைக் கூட்டி வரலாமா என்று அவள் வாயைத் திறந்ததும்தான் இவ்வளவு கூத்தும்.

ஹமீது பார்த்தால் கடைக்கு வருகிறவன் போகிறவனெல்லாம் பார்த்த மாதிரிதான் என்று குதித்தார் பூமிநாதன். அவர் குதித்ததிலும் நியாயம் இருந்தது. போன வருஷம் இதே சுந்தரமூர்த்தி, கூடப்பிறந்தவளின் புருஷன் என்றுகூடப் பார்க்காமல், இவர் போட்டுக்குப் பின்னாலேயே வந்து ஒரு இடத்தைத் தெரிந்துகொண்டு வழித்துத் துடைத்துக்கொண்டு போனான். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

கடைசியில் ஜெயப்ரியா அந்தக் கடல் மேப்பை விற்ற கம்பெனியின் உதவி நம்பரைக் கொடுத்தாள். ஆபீஸ் சென்னையில் இருக்கிறது, அங்கிருந்தபடியே சரி பண்ணிவிடுவார்கள் என்றாள். பூமிநாதனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"அதான் சரி. போன்ல பேசுறவனுக்குக் காதுதானே இருக்கு, கண்ணு இல்லையே."

அதோடு மகளையும் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார். மாமா மாமா என்று சுந்தரமூர்த்தியிடம் உளறுகிற வாய் அது.

"அப்பா, அவங்க ஒரு நம்பர் கேப்பாங்க, அதச் சொன்னீங்கன்னா..." என்று கதவுக்கு அந்தப் பக்கமிருந்து ஆரம்பித்தாள் அவள்.

"நம்பர் படிக்க எனக்குத் தெரியும். நீ போ."

இருபது நிமிஷம் போனில் பாட்டுப் போட்டே அவரைக் காக்க வைத்தார்கள். அதற்கப்புறம் எடுத்த பெண்ணுக்கு அவர் விட்ட டோஸில் வேறு யாராயிருந்தாலும் போனை வைத்திருப்பார்கள். அவளோ பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். சென்னை வாடையே இல்லாத, நம்ம பக்கத்துப் பேச்சு. அதிலேயே அவருக்குக் கொஞ்சம் சூடு தணிந்தது.

திரையில் தெரிந்த நம்பரைப் படிக்கச் சொன்னாள், படித்தார். ஒரு பெட்டி வரும், அதில் சரி என்று அழுத்துங்கள் என்றாள், அழுத்தினார். உடனே திரையிலிருந்த அம்புக்குறி தன்பாட்டுக்கு நகர ஆரம்பித்தது. பூமிநாதனுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

"இப்ப அம்பு வேற தன்னால ஓடுதும்மா. இருக்குற நோவு பத்தாதுன்னு புதுசா ஒண்ண இழுத்து விட்டுட்டியா?"

"அது ஓடட்டும் ஐயா. நீங்க மவுசத் தொடாதீங்க."

கிராஃபிக்ஸ் டிரைவர் பழசாகிவிட்டது, அதுதான் படம் உடைகிறது என்று விளக்கினாள். அவருக்கு அது ஒன்றும் ஏறவில்லை. ஏதோ இறங்கியது, ஏதோ ஏறியது, திரை இருண்டு போய் மறுபடி வெளிச்சமானது. இதற்கு நடுவே கதவோரம் யாரோ நடமாடுகிற சத்தம் கேட்டது. பூமிநாதன் தோளில் கிடந்த துண்டை உருவி மானிட்டரை மூடிவிட்டு, இன்னும் ஒரு அடி வைத்தால் காலை ஒடித்துவிடுவேன் என்று கத்தினார். நடமாட்டம் நின்றது.

துண்டை எடுத்துப் பார்த்தார். கடல் பளிச்சென்று இருந்தது. அறுபத்துமூன்று புள்ளிகளும் போட்டது போட்டபடி நின்றன. அம்புக்குறி மெல்ல நகர்ந்து முப்பத்தேழாம் புள்ளியைப் பெரிதாக்கியது. அவர் இத்தனை வருஷத்தில் யாருக்கும் காட்டாத இடம். ஒரு எழுத்துகூட உடையவில்லை.

காலையிலிருந்து கொதித்துக் கிடந்த மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. முன்னால் திட்டியதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டார்.

"எவன் கண்ணுலயும் படாம முடிச்சிக் குடுத்துட்ட தாயி. நீ நல்லா இருக்கணும்."

அந்தப் பக்கம் அவள் சந்தோஷமாகச் சிரித்தாள்.

"முப்பத்தேழுலதான் வஞ்சிரமா ஐயா? எங்க அண்ணனும் நாளைக்குத்தான் கடலுக்குப் போவுது."