எதிர்க்கடைத் திருடன்

“எதிர்க்கடை ராக்கையாதான். வேற எந்தத் திருட்டுப் பயலுக்கும் இந்தத் துணிச்சல் வராது” என்று பல்லைக் கடித்தார் ஏலக்காய் வியாபாரி தங்கப்பாண்டி.

மதுரையிலிருந்து வந்திருந்த நெட்வொர்க் இன்ஜினியர் பிரேம்சிங், சிக்கிக் கிடந்த வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தான். ஏலத்துக்கு முன்னால் தங்கப்பாண்டி தன் கடைசி விலையைக் கம்ப்யூட்டரில் எழுதி வைப்பார். கொஞ்ச நாளாக அதற்கு ஒரு ரூபாய் மேலே வைத்து எவனோ சரக்கை அள்ளிக்கொண்டு போகிறான். இன்றைக்குக் குரங்கணி மலையின் ஏலக்காய்ச் சரக்கும் கைவிட்டுப் போனால், டெல்லி பார்ட்டி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வான்.

“நீங்க எழுதுறதெல்லாம் இந்த ஸ்டோரேஜ் பெட்டியிலதாண்ணே சேருது. ஆபீசு, மாடி வீடு, கேமரான்னு எல்லா வயரும் ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சுல கிடக்கு. எந்த வயரைப் புடிச்சாலும் பெட்டிக்குள்ள இருக்கிறதைப் படிச்சிரலாம்” என்றான் பிரேம்சிங். “பெட்டிக்குன்னு தனிப்பாதை போட்டு, அதுல உங்க கம்ப்யூட்டரை மட்டும் விடுறேன்.”

“பாடம் எடுக்காத. சோலியை வெரசா முடி.”

காபியோடு வந்த மனைவி தேவகிருபை, “தம்பி, மாடிக்குப் போற வயரை மட்டும் தொடாம விட்ருங்க. போன தடவை ஒருத்தர் கைய வச்சு டிவியே நின்னுபோச்சு” என்றாள்.

“டிவி ஓடும்க்கா. அதை மட்டும் விட்டா ஓட்டை ஓட்டையாத்தான் இருக்கும்.”

தங்கப்பாண்டிக்குச் சிரிப்பு வந்தது. “விட்டுத் தொலைப்பா. சீரியல்ல யாரு மாமியா, யாரு மருமகள்னே இவளுக்குப் பிடிபடாது. இவங்கண்ணன் அதுக்கும் மேல. ஏல லைசென்சை வாங்கிச் சிலமலை ஊர்ல வீட்டு அலமாரிக்குள்ள பூட்டி வச்சிருக்கான். அந்த வம்சத்துக்கு வியாபாரம் வருமா?”

தேவகிருபை காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள்.

மாடி வயர் ஒன்றைத் தவிர எல்லா வேலையும் முடிந்தது. தங்கப்பாண்டி விலையை எழுதி வைத்துவிட்டு எதிர்க்கடையைப் பார்த்தார். ராக்கையா வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த மூஞ்சிக்குப் பேப்பர் ஒரு கேடு என்று நினைத்துக்கொண்டார்.

கம்ப்யூட்டரில் ஏலம் தொடங்கியது. மாடியில் டிவி சத்தம்கூடக் கேட்கவில்லை. திரையில் விலை ஏறி ஏறி, தங்கப்பாண்டியின் கடைசி விலையில் வந்து நின்றது. அவர் மூச்சு விடுவதற்குள் எவனோ ஒரு ரூபாய் மேலே வைத்துவிட்டான். சரக்கு போயேபோய்விட்டது.

“கையாலாகாத பயலே, என்னத்தடா பூட்டுன?” என்று பிரேம்சிங்கிடம் சீறியவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார். “ராக்கையா, எந்திரிச்சு வாடா. என் விலையைத் திருடிப் பாத்தா மேல வைக்கிற?”

“உன் விலையே எனக்குத் தெரியாதேப்பா” என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார் ராக்கையா.

தேவகிருபை நிதானமாகப் படியிறங்கி வந்தாள்.

“அவரை எதுக்கு வையிறீங்க? எங்கண்ணன் லைசென்சுல நாந்தான் சரக்கை எடுத்தேன். வேணும்னா கிலோவுக்கு அம்பது ரூவா கூடக் குடுத்து வாங்கிக்கங்க.”