சிவப்புத் துணி

வில்லாவிசென்சியோ ஊரின் விமான ஓடுதளத்தில் காலை வெயில் சரக்கு விமானத்தின் இறக்கையில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கப் பிடித்த குப்பி, விமானி எலியேசரின் இடக்கையிலிருந்து நழுவி விழுகிறது. “வழுக்கிடுச்சு,” என்கிறார். மெக்கானிக் ரோசால்பா எஞ்சினிலிருந்து நிமிரவில்லை. “நேத்தும் வழுக்குச்சே, கேப்டன். எஞ்சின் ரெண்டு நாளா இருமினா என்ன பண்ணுவீங்க?” “பறக்கக் கூடாதுன்னு சிவப்புத் துணி கட்டி நிறுத்திடுவேன்.” “ம்.” சட்டைப் பையிலிருக்கும் உடல்தகுதிச் சான்றிதழ் இன்னும் நாலு மாதம் செல்லும். கை மரத்துப்போவதை டாக்டரிடம் சொன்னால் அது இன்றோடு போச்சு. அந்த டாக்டர்களுக்குச் சான்றிதழைப் பிடுங்கத்தான் தெரியும். அரிசி மூட்டைகள் ஏறிவிட்டன; கிளம்புவதுதான் பாக்கி. எலியேசர் ஏறி உட்காரவில்லை; கொட்டகை ஆணியில் தொங்கும் சிவப்புத் துணியை எடுத்துப்போய்த் தன் காலி இருக்கையின் பெல்ட்டில் சுற்றுகிறார். மரத்த விரல்களால் முடிச்சுப் போட முடியவில்லை. ரோசால்பா கையைக் கிரீஸ் படிந்த தன் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வந்து, அதை இறுக்கிக் கட்டிவிடுகிறாள்.