ஜெர்மனிப் பனை

“அப்படியே இருக்கே பாய்! கண்ணால பார்க்காமலே எப்படிப் பண்ணினேள்?”

மாட்டுங்கா வெங்கடராமன் வீட்டு மருமகள் தண்ணீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைக் கவிழ்த்து நிமிர்த்தினாள். உள்ளே இருந்த ஓட்டு வீட்டின் மேல் பனி இறங்கியது.

பனி என்ன பனி! இரானி ஹோட்டலில் உடைந்த கோப்பைகளை வாங்கி, இடித்து, மாவுச் சல்லடையில் சலித்த தூள்.

நான் அடியில் இருந்த ரப்பர் கார்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு கசிந்தாலும் போச்சு. நாளைக் காலை அவள் மாமியார் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்குகிறார்.

கசியவில்லை. அப்பாடா என்றிருந்தது.

தாராவியில் என் பட்டறை காலேஜ் லேப்களுக்குக் குடுவை செய்கிற பட்டறை. கண்ணாடியில் உருண்டையாக எது வேண்டுமென்றாலும் மாட்டுங்காவில் எல்லோரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அப்படித்தான் நான்கு நாளைக்கு முன் இந்தப் பெண்ணும் வந்தாள், ஓர் எவர்சில்வர் டப்பாவில் மரப்பீடத்தையும் நொறுங்கிய சில்லுகளையும் போட்டுக்கொண்டு.

கல்யாணத்துக்கு முன்பு அவள் கணவர் ஜெர்மனி போனபோது தன் அம்மாவுக்கு ஆசையாக வாங்கி வந்ததாம். மாமியார் அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, யாரையும் தொடவிடுவதில்லை. பெற்ற மகனுக்கே தூரத்திலிருந்துதான் தரிசனம். இவள் தூசி தட்டப்போய், கைதவறிவிட்டது.

டப்பாவைத் திறந்ததும் எனக்குப் பக்கென்றது.

அழுதுகொண்டே அடையாளம் சொன்னாள். சிவப்பு ஓடு, ஒரே ஒரு ஜன்னல், பக்கத்தில் ஒரு மரம். பார்த்தால் நம்மூர்ப் பனைமரம் போலவே இருக்கும், ஜெர்மனியில் அதற்கு என்ன பேரோ என்றாள்.

இன்று அந்த முகத்தில் அழுகையின் சுவடே இல்லை. உருண்டையைப் பழைய புடவைத் துணியில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டாள். மாமியாருக்குச் சந்தேகம் வருமா என்று மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.

“வராதும்மா. நிம்மதியாப் போய்ட்டு வாங்க.”

எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அந்த மாமியாரும் இதே ஸ்டூலில் உட்கார்ந்துதான் அழுதார். கையில் இதே மரப்பீடம். மகன் ஆபீஸ் டூர் முடிந்து வருவதற்குள் வேண்டும், யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்குப் பக்கத்தில் பைன் மரம் என்று அவர் சரியாகத்தான் சொன்னார். நான் உடன்குடிக்காரன், பைனை எங்கே கண்டேன்? நெட்டையாக நிற்கும் மரம் என்றதும் கைக்கு வந்தது பனைதான்.

இப்போது எனக்குப் பைன் தெரியும். எதிர்ச் சுவர்க் காலண்டரில், ஸ்விட்சர்லாந்து மலையடிவாரத்தில், வரிசையாக நிற்கிறது.

அதைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் பனையைச் செய்து வைத்தேன்.