ஒரே முறை ஓடும் சுழல்

ஜாதகத்துக்குப் பதிலாக, மாப்பிள்ளை எழுதிய கணினி நிரலைப் பெண் படித்துப் பார்க்கும் காலம் அது. மிருதுளா ‘சி’ என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அவளுக்குப் பார்த்த மாப்பிள்ளை பிரசன்னா, யாரும் படிக்கும்படி வெளியிட்டிருந்த திறந்தமூல நிரலில், திரும்பத் திரும்ப ஓட வேண்டிய ஒரு சுழல் ஒரே முறை ஓடி நின்றது. மூன்று நாள் யோசித்தும் காரணம் பிடிபடவில்லை; ஏதோ பெரிய சூட்சுமம் என்று நினைத்தாள். இவ்வளவு பெரிய அறிவாளியோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று பயந்தாள்.

பெண் பார்க்க வந்தவனிடம் கேட்டேவிட்டாள்.

“அதுங்களா? எங்கேயோ பார்த்துப் போட்டேங்க. ஏன்னு எனக்கும் தெரியாது. எடுத்தா மத்ததெல்லாம் நின்னுபோகுது, அதான் திருப்பி வெச்சிட்டேன்.”

சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

“பத்துப் பொருத்தத்துல எத்தனைம்மா இருக்கு?” என்றார் அப்பா.

“ஒண்ணுதாம்பா. அந்தச் சுழல் ரெண்டு பேருக்குமே புரியலை. சரின்னு சொல்லிடுங்க.”