யாரும் சேர்ந்துகொள்ளாத பாட்டு

பாடி முடித்தாள்.

நடைவழியில் கைதட்டல். சாப்பாட்டு வண்டியை நடுவிலேயே நிறுத்திவிட்டு, பணிப்பெண் மரிசெல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்து அறைக்காரர் சக்கர நாற்காலியை வாசல்வரை உருட்டி வந்திருந்தார். வியன்னாவில் டிக்கெட் கிடைக்காத குரல் கனடாவில், வின்னிபெக்கின் முதியோர் இல்லத்தில் சும்மா கிடைத்தால் யார்தான் விடுவார்கள்.

பாடியவள் அம்மாவை மட்டும் பார்த்தாள்.

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே பனி. முதல் நட்சத்திரம் தெரிந்தபின் பாட்டு, பாட்டுக்குப் பின் கிறிஸ்துமஸ் விருந்து. சிறுமியாக உக்ரைனிலிருந்து கப்பலேறி வந்த அம்மா, கூடவே கொண்டுவந்த வழக்கம் அது. தேனும் கசகசாவும் கலந்த கோதுமைச் சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது.

இலையுதிர் காலத்தில் வந்த பக்கவாதம் அம்மாவின் பேச்சைக் கொண்டுபோய்விட்டது. பேச்சு போனாலும் சிலருக்குப் பாட்டு மிஞ்சும் என்றார் டாக்டர். பழகிய பாட்டைப் பாடிப் பாருங்கள், கூடவே வந்தாலும் வருவார் என்றார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தாள்.

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள்.

அம்மாவின் வாய் சும்மா இருந்தது.

மறுபடி பாடினாள். இன்னும் அழகாக. மறுபடி கைதட்டல்.

அவளுக்கு அம்மாவின் குரல் வேண்டும். மாவு பிசைந்தபடி, கொஞ்சம் மூக்கால், சுருதியிலிருந்து சற்றே இறங்கி வரும் குரல். சின்ன வயதில் இவள் தொண்டையிலிருந்தும் அதே குரல்தான் வந்துகொண்டிருந்தது. இசைக் கல்லூரியில் தேய்த்துத் தேய்த்து அதைப் போக்கினார்கள். பிறகு மிலான், பெர்லின், வியன்னா.

கிறிஸ்துமஸ் என்றால் பாடகர்களுக்கு அறுவடைக் காலம். ஒப்பனை அறையிலிருந்து வீட்டுக்கு போன் செய்வாள். பாட்டைக் கேள் என்று அம்மா போனை மேஜைப் பக்கம் நீட்டிப் பிடிப்பாள். அதற்குள் மேடைக்குக் கூப்பிட்டுவிடுவார்கள். வருடா வருடம் அப்படித்தான்.

அம்மா அவளுடைய மேடையைப் பார்த்தது ஒரே ஒரு முறை. அரங்கமே எழுந்து நின்று கைதட்டிய நாள். காரில் திரும்பும்போது அம்மா கேட்டாள்.

"அத்தனை பேர் உக்காந்திருந்தாங்களே, ஒருத்தர்கூட உன்னோட சேர்ந்து பாடலையே. ஏன்டி?"

போகிற விருந்திலெல்லாம் அவள் இதைச் சொல்லிக் காட்டுவாள். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவளும்தான்.

இன்று சிரிப்பு வரவில்லை.

அவர்கள் வீட்டில் முதல் வரியை ஒருத்தர் எடுத்துக் கொடுப்பார். கொடுத்துவிட்டு நிறுத்துவார். இரண்டாவது வரியில் மேஜையே சேர்ந்துகொள்ளும். எடுத்தவர் நிறுத்தாவிட்டால் மற்றவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். அது மரியாதை.

அவள் நிறுத்தவே இல்லை. முதலிலிருந்து கடைசிவரை அவளேதான். மூச்சு வாங்கும் இடம்கூட வெளியே தெரியாமல் பாடப் பழகியவள்.

எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். மரிசெல்லின் முகம் வாடியது. பரவாயில்லை.

கட்டிலை ஒட்டி உட்கார்ந்து அம்மாவின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முதல் வரியைப் பாடினாள். சின்னக் குரலில். கொஞ்சம் மூக்கால். அடுப்படியில் நிற்கிறவளுக்குக் கேட்டால் போதும் என்பதுபோல.

நிறுத்தினாள்.

வெளியே வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டு நகர்ந்து போயிற்று. அடுத்த வரி தொண்டைக்குள் வந்து முட்டியது. உதட்டைக் கடித்துக்கொண்டாள். எந்த மேடையிலும் இவ்வளவு நேரம் அவள் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை.

அம்மா ஜன்னலிலிருந்து திரும்பினாள்.

மகள் அடுத்த வரியைப் பாடவில்லை.

காத்திருந்தாள்.

போர்வைக்கு மேலே அம்மாவின் நெஞ்சு மெல்ல உயர்ந்தது. உதடுகள் பிரிந்தன.

அந்த மூச்சு எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.